ரோல்தானின் சுவடு

கேரளக் கடற்கரையின் சவிட்டு நாடகமான 'காறல்மான் சரிதம்' மூலக்கதையிலிருந்து விலகிவிட்டது என்று குறைபடுகிறவர்கள், எந்த மூலத்திலிருந்து என்பதை முதலில் சொல்ல வேண்டும். 778-இல் பிரெனீஸ் மலைக் கணவாயில் மன்னன் சார்லமேனின் பின்படையைத் தாக்கியவர்கள் பாஸ்க் மக்கள். மூன்று நூற்றாண்டு கழித்து எழுந்த ரோலன் காவியத்தில் அவர்கள் முஸ்லிம் படையாகிவிட்டார்கள். 1516-இல் இத்தாலியக் கவிஞர் அரியோஸ்தோவின் கையில் அதே வீரன் ரோலன் ஆஞ்சலிக்கா மீது பித்தேறி அலைகிறான். போர்த்துகீசியரோடு கேரளத்தில் கரையிறங்கும் முன்பே இது பல உலகங்களாகக் கிளைத்துவிட்ட கதை. சின்னத்தம்பி அண்ணாவி இயற்றியதாகச் சொல்லப்படும் நாடகம், தமிழும் மலையாளமும் கலந்த பாட்டில் இன்னொரு கிளையை விட்டது; அதில் சார்லமேன் காறல்மான், ரோலன் ரோல்தான். கொச்சியின் மட்டாஞ்சேரியிலிருந்து கோத்துருத்து வரை அந்தக் கிளைக்குத் தனி வேர் உண்டு.

இணை உலகங்களில் தொடர்ச்சியை யார் தீர்மானிப்பது? அறிவியல் புனைவு ரசிகர்களில் பலர் திரையில் வந்ததே சட்டம் என்பார்கள். டயான் டுவேன் 1993-இல் எழுதிய 'டார்க் மிரர்' நாவலில், ஸ்டார் ட்ரெக்கின் கண்ணாடி உலகப் பேரரசு இன்னும் கோலோச்சுகிறது. அடுத்த ஆண்டே 'டீப் ஸ்பேஸ் நைன்' தொடர் அது எப்போதோ விழுந்துவிட்டதாகக் காட்டியது; நாவல் ஒதுங்கிக்கொள்ள வேண்டியதாயிற்று. கொச்சியில் அப்படித் தீர்ப்புச் சொல்ல யாருமில்லை. 1663-இல் கோட்டை டச்சுக்காரர் வசம் போனபின், போர்த்துகீசிய நூலைக் காட்டித் திருத்தவும் ஆளில்லை. அப்படியும் இந்த உலகம் சிதறாமல் நின்றதற்குக் காரணம் ரோல்தானின் கால்.

மேடையின் இரு கோடியிலும் உயரப் பரண்கள். ஒன்றில் காறல்மானின் சபை, எதிரே பகை மன்னனின் சபை. ஏணியிறங்கி ரோல்தான் பலகைத் தட்டில் கால் வைக்கிறான். செண்டை ஏறுகிறது. உரக்கப் பாடியபடியே மிதிக்கிறான்; முடிப்பு அடவான கலாசத்தில் குதிகால் இறங்குவதும் தாளம் முடிவதும் ஒரே நொடியில் விழ வேண்டும். வீரனுக்கு ஒரு சுவடு, கொடியவனுக்கு வேறு. சம்பவம் முன்பின் ஆகலாம், ஒரு போர் விட்டுப்போகலாம். ரோல்தான் கொடியவனின் சுவட்டில் வந்தால் அவன் ரோல்தான் இல்லை. கதகளியின் கண்ணசைவில் தோய்ந்தவர்களுக்கு இது வெறும் ஆரவாரமாகப் படலாம். ஆனால் அங்கே கண் செய்வதை இங்கே பாதம் செய்கிறது.

மிதியைக் காத்தால் கதையை எப்படியும் வளைக்கலாமா என்று கேட்பார்கள். வளைக்க முடியாது; கதை எவ்வளவு வளையலாம் என்பதைத் தீர்மானிப்பதே அந்த மிதிதான். சிசிலியின் பொம்மைக்கூத்தில் இதே வீரன் வாளோசையில் வாழ்கிறான். சாவோ தோமே தீவின் சிலோலி நாடகத்தில் இதே சார்லமேன், கொலை செய்த சொந்த மகனுக்குத் தீர்ப்பு வழங்க வேண்டியவனாக அவையில் அமர்கிறான். அங்கே உயிர் வழக்காடும் பேச்சில் இருக்கிறது. ஒவ்வொரு கரையும் தன் நெறியை இறுகப் பிடித்ததால்தான் கதை அங்கே தங்கியது.

அதனால் எனக்குக் கதையைத் திருத்துகிறவர்களைப் பற்றியதைவிட சிமெண்டுத் தரையைப் பற்றித்தான் கவலை அதிகம். பள்ளிக் கலோற்சவப் போட்டி புதுப் பிள்ளைகளை இந்தக் கலைக்குக் கொண்டுவந்தது பெரிய நன்மை. இரவுக்கணக்கில் ஆடியதைச் சில நிமிடங்களுக்குள் சுருக்குவதையும் பொறுத்துக்கொள்ளலாம். பதிவுசெய்த பாட்டுக்கு வாயசைத்து, அதிராத தரையில் ஆடுவதை மட்டும் ஏற்க முடியாது. மூச்சும் பாதமும் பிரிந்தபின் எஞ்சுவது மினுக்கும் கவசம் அணிந்த கதைச் சுருக்கம்தான். நேரத்தை வெட்டுங்கள், போர்களைக் குறையுங்கள். பலகைத் தட்டையும் நேர்ப்பாட்டையும் விட்டுக்கொடுக்காதீர்கள்.