மக்கும் குப்பை, மக்காத மரபணு

தில்லியின் முனிர்காவில் ஒரு பக்கம் தில்லி வளர்ச்சி ஆணையத்தின் (டி.டி.ஏ.) அடுக்ககங்கள், இன்னொரு பக்கம் வெயில் எட்டிப்பார்க்காத ஊர்ச் சந்துகள். இரண்டிலிருந்தும் கிளம்பும் காய்த்தோலும் மிஞ்சிய சோறும் உரமாக வேண்டும். இல்லையென்றால் எரியுலைக்கோ குப்பை மலைக்கோ போக வேண்டும். அந்த மலைகளின் லட்சணம் ஊரறிந்தது. 2017இல் காசிப்பூரில் சரிந்து இருவரைப் பலிகொண்டது. 2022இல் பால்ஸ்வாவில் நாள்கணக்கில் எரிந்தது. தினம் 100 கிலோவுக்கு மேல் குப்பை சேரும் வளாகங்கள் மக்கும் குப்பையை இயன்றவரை உள்ளேயே கையாள வேண்டும் என்று 2016ஆம் ஆண்டின் திடக்கழிவு விதிகள் சொன்னது சரியான முடிவு. உரமாக்கலின் பக்கம் நின்றுதான் அதன் குறையைப் பேசுகிறேன்.

உரக்குவியல் நன்றாகச் சூடேறி 55 டிகிரியைத் தாண்டிச் சில நாள் நின்றால் சால்மோனெல்லா, ஈ.கோலை போன்ற கிருமிகள் பெரும்பாலும் மடிந்துவிடும். உரக்கட்டுப்பாட்டு ஆணையும் நோய்க்கிருமி இருக்கக்கூடாது என்கிறது. ஈயம், காட்மியம் முதலிய உலோகங்களுக்கு வரம்பு விதிக்கிறது. ஆன்டிபயாட்டிக்குக்கு அடங்காத தன்மையைத் தரும் மரபணுவைப் பற்றி அதில் பேச்சே இல்லை. கிருமி செத்தாலும் அதன் மரபணு கூடவே அழிய வேண்டும் என்பதில்லை. பிளாஸ்மிட் என்னும் சிறு டி.என்.ஏ. வளையத்தில் ஏறி, சூட்டைத் தாங்கும் வேறொரு பாக்டீரியாவுக்குள் அது குடியேறிவிடலாம். டெட்ராசைக்ளினை எதிர்க்கும் மரபணுக்கள் பல ஆய்வுகளில் கணிசமாகக் குறைகின்றன. சல்ஃபா மருந்துகளை எதிர்க்கும் 'சல்1' அப்படியல்ல. குவியல் ஆறும் கட்டத்தில் சில சமயம் முன்னைவிடப் பெருகுகிறது.

ஆறும் கட்டத்தை நாம் பொருட்படுத்துவதில்லை. தில்லிவாசிகள் பொருட்படுத்தக் காரணம் உண்டு. சென்னைப் பல்கலைக்கழகத்தின் கார்த்திகேயன் குமாரசாமியும் பிறரும் 2010இல் எழுதிய கட்டுரை, ஆன்டிபயாட்டிக்கை எதிர்க்கும் என்.டி.எம்.-1 மரபணுவை உலகச் செய்தியாக்கியது. மறுவருடம் வெளிவந்த ஆய்வு, புதுதில்லியில் தேங்கிய நீரின் 171 மாதிரிகளில் 51இலும், குழாய்நீரின் 50 மாதிரிகளில் இரண்டிலும் அதைக் கண்டது. பெயரில் 'நியூ டெல்லி' இருப்பதற்காக அரசு கோபித்துக்கொண்டது. அந்தக் கோபத்தில் பாதியைச் சாக்கடை மீது காட்டியிருக்கலாம். அந்த ஆய்வின் இன்னொரு முடிவு அதிகம் பேசப்படவில்லை: அந்த மரபணு ஏறிய பிளாஸ்மிட் ஒரு பாக்டீரியாவிலிருந்து இன்னொன்றுக்குத் தாவுவது 25 டிகிரியையும் 37 டிகிரியையும்விட 30 டிகிரியில் அதிகம். ஆறிய உரக்குவியல் வாரக்கணக்கில் கிடப்பதும் ஏறக்குறைய அந்தச் சூட்டில்தான். உரத்திலும் அதே வேகத்தில் தாவும் என்று இதை வைத்து முடிவுகட்ட முடியாது. ஆனால் வாய்ப்பான இடம் என்று சந்தேகப்படலாம்.

அப்படியானால் பால்கனி உரப்பானையைத் தூக்கி எறிய வேண்டுமா? வேண்டாம். பானை சின்னது, 55 டிகிரியை எட்டுவது அரிது. மண்புழுத் தொட்டியிலோ அந்தச் சூடு புழுக்களைக் கொன்றுவிடும். பாடப்புத்தகக் கணக்கில் இரண்டும் தேறாது. ஆனாலும் நன்றாகச் சூடேறிய கோழி எருக்குவியலைவிட வீட்டுப் பானையையே நான் நம்புவேன். வெண்டைக்காய்க் காம்பில் எதிர்ப்பு மரபணுச் சுமை கொஞ்சம்தான். மருந்து தின்று வளர்ந்த கோழியின் எச்சத்திலும் மருத்துவமனைக் கழிவு கலந்த சாக்கடைச் சகதியிலும் அது ஏராளம். தில்லியின் அறிவியல் மற்றும் சுற்றுச்சூழல் மையம் 2017இல் உத்தரப் பிரதேசம், அரியானா உள்ளிட்ட மாநிலங்களின் கோழிப்பண்ணைகளை ஆராய்ந்தது. பண்ணை எருவிலும் வெளியே வயல்மண்ணிலும் கிடைத்த ஈ.கோலையின் எதிர்ப்புத் தன்மை ஒத்திருந்தது. தீவனத்தில் சேர்க்கும் செம்பும் துத்தநாகமும் மட்குவதே இல்லை. மருந்து சிதைந்த பிறகும் எதிர்ப்புள்ள பாக்டீரியாக்களுக்குச் சாதகமாக அவை மண்ணில் தங்கிவிடுகின்றன.

ஆக, கோளாறு பானையில் குறைவு, உள்ளே போடுவதில்தான் அதிகம். நடைமுறையில் நாம் செய்வது நேர்மாறு. 'எல்லாம் மக்கும்' என்று சமையல் கழிவையும் சாணத்தையும் கறிக்கடைக் கழிவையும் ஒரே குழியில் கொட்டுகிறோம். காலாவதியான மாத்திரையும் சில வீடுகளில் அதே வாளிக்குப் போகிறது. மொத்தத்தையும் மட்கவைத்து, பச்சையாக மெல்லும் கொத்தமல்லிக்கும் முள்ளங்கிக்கும் போடுகிறோம். கலப்பு உரத்தைப் பூச்செடிக்கும் நிழல் மரத்துக்கும் போட்டால் இந்தக் கவலை பெருமளவு குறையும்.

கொரோனா நாளில் மூக்குச்சளியைச் சோதித்த பி.சி.ஆர். முறையே சல்1 போன்ற மரபணுக்களை எண்ணவும் போதும். அதற்கு வேண்டிய கருவிகள் முனிர்காவை ஒட்டிய ஜே.என்.யூ. போன்ற ஆய்வு வளாகங்களுக்குப் புதியவை அல்ல. இல்லாதது, கேட்பதற்கு ஒரு விதி. நகர உரத்தை விற்க 2016இல் டன்னுக்கு 1,500 ரூபாய் உதவித்தொகையை மத்திய அரசு அறிவித்தது; 2023இல் அதே தொகை சாண எரிவாயு ஆலைகளின் உரத்துக்கு வந்தது. இத்தகைய உரத்துக்குக் காசு கொடுக்கும்போது, ஒவ்வொரு உரத் தொகுதிக்கும் ஒரு மரபணுச் சோதனை என்று நிபந்தனை போடுவதில் அரசுக்குப் பெரிய சிரமம் இருக்க முடியாது.