களு கங்கையும் கண்ணாடிப் பேழைகளும்

இரத்தினபுரித் தேசிய நூதனசாலை 1988ஆம் ஆண்டு எகலப்பொல வளவிலே திறக்கப்பட்டது. ஆற்றுக்கென அமைந்த நூதனசாலை அன்று அது. எனினும் களு கங்கையின் வண்டலின்றி அதன் தலையாய காட்சிப்பொருள்கள் இல்லை. இன்று இத்தீவில் இல்லாத நீர்யானை, காண்டாமிருகம் முதலியவற்றின் புதைபடிவங்கள் மாணிக்கக் குழிகளிலிருந்தே வெளிப்பட்டன. நீர்யானை வாழ்ந்ததெனின் இப்பள்ளத்தாக்கில் சதுப்பும் நீர்நிலையும் பரந்திருத்தல் வேண்டும். ஆற்றின் தொல்வரலாற்றை இத்துணைச் சுருங்கச் சொல்லும் சான்று பிறிதொன்றில்லை.

இவ்விலங்கினத்தை ஆராய்ந்து பெயரிட்டவர் பி. ஈ. பி. தெரணியகல. 1939 முதல் 1963 வரை கொழும்பு நூதனசாலையின் பணிப்பாளராக இருந்த அவரே, நம் ஈரவலய ஓடைகளில் வாழும் ‘லே தித்தயா’ என்னும் செந்நிறச் சிறுமீனையும் 1929இல் அறிவியலுக்கு அறிமுகஞ் செய்தவர். பெயரிட்டவரை நாம் அறிவோம். எலும்பைச் சேற்றினின்றும் தூக்கியெடுத்தவன் யாவன்? குழியின் சுவர் சரியாவண்ணம் மரங்களை அடுக்கி, இடைவெளியிற் பன்னத் தழைகளைத் திணித்து, ஊறும் நீரை ஓயாது இறைத்து, பெரும்பாலும் நாட்கூலியன்றிப் பங்கையே நம்பி உழைத்தவன் அவன். அவன் தேடும் கல்மண் படையைச் சிங்களத்தில் ‘இல்லம’ என்பர். தமிழ்ச் செவிக்கு அச்சொல் வீட்டை நினைவூட்டுவது தற்செயலே. ஆயினும் பகற்பொழுதெல்லாம் குழிக்குள்ளே கழிப்பவனுக்கு அது முற்றும் பொருந்தாத சொல்லன்று.

எலும்பைப் போற்றும் காட்சிமுறை அதனை எடுத்த கையைப் போற்றாது விடுவதே என் குறை. குழிக்கு அப்பாலும் இக்குறை நீளுகிறது. சிவனொளிபாதமலைச் சாரலிற் பிறந்து களுத்துறையிற் கடல்சேரும் இவ்வாறு 129 கிலோமீற்றர் நீளமுடையது. களனிப் பள்ளத்தாக்கின் ஒடுங்கிய புகையிரதப் பாதை 1912இல் இரத்தினபுரியை அடையுமுன், தட்டையடிப் படகுகள் இதன் வழியே சரக்கேற்றிச் சென்றன. மேற்சரிவுகளிலோ தேயிலைக்கும் இறப்பருக்குமாகக் காடு வெட்டப்பட்டது. மறைப்பிழந்த மண்ணை மழை ஆற்றுக்கு இறக்கியது. 2003, 2017ஆம் ஆண்டுகளில் இரத்தினபுரியை மூழ்கடித்த வெள்ளங்களுக்குப் பெருமழையே முதற்காரணம். ஆயினும் மலைச்சரிவின் இக்கதையை ஒதுக்கிவிட்டு ஆற்றின் சூழலைப் பேச இயலாது. அச்சரிவுகளில் உழைத்த தமிழ்த் தொழிலாளர் 1948இன் சட்டத்தால் குடியுரிமை இழந்தனர். 1977, 1981, 1983ஆம் ஆண்டுகளின் வன்செயல்களால் சப்பிரகமுவத் தோட்டங்களை விட்டுப் பலர் வடக்கே பெயர்ந்தனர். ஆற்றின் உழைப்பு வரலாற்றில் இவர்களுக்கு இடமில்லையெனின் அவ்வரலாறு பாதியே.

கம்பளைப் பகுதியிலே 2007இல், பழைய லயமொன்றிலேயே, தோட்டத் தொழிலாளர் நூதனசாலை அமைக்கப்பட்டது. சாதாரண மனிதனின் கருவியும் பாத்திரமும் காட்சிக்குரியவை என அது நிறுவியது பெரும் பணி. ஆயினும் அது மத்திய மலைநாட்டைச் சார்ந்தது. இறப்பர்த் தோட்டத்துப் பிள்ளைக்கு இரத்தினபுரியே அண்மையது.

அங்குக் காண்டாமிருக எலும்பின் அருகே மண் அரிக்கும் கூடையும், பால்வெட்டும் கத்தியும், பால் ஏந்திய சிரட்டையும் வைக்கப்படலாம். அவற்றின் குறிப்பட்டையில், எந்த மலையின் மண் எந்தக் கிளையாற்றின் வழியே நகருக்கு வந்தது என்பதைக் காட்டும் சிறு வரைபடமும் இடம்பெறுதல் வேண்டும்.