நீரிழிவும் இல்லற நலமும்

நீரிழிவு, நரம்பையும் குருதிக் குழாயையும் கெடுத்து இல்லற இன்பத்தைக் குலைக்கும். அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் 1,290 ஆடவரை ஆராய்ந்து 1994இல் வெளிவந்த முடிவு இதற்குச் சான்று: முழு ஆண்மைக் குறைவு பொதுவில் நூற்றுக்கு ஏறத்தாழ 10 பேர்க்கு, நீரிழிவுக்கு மருந்துண்போருள் 28 பேர்க்கு.

ஆடவரை மட்டும் ஆராய்ந்தது குற்றமன்று. அதனையே முழு உண்மையெனக் கொண்டு பெண்டிரை வினவாது விடுவதே குற்றம். நரம்பும் குருதியும் அவர்க்கும் உள அன்றோ?

2013இல் அந்நாட்டில் வெளியான மற்றோர் ஆய்வு நீரிழிவுற்ற பெண்டிரை வினவிற்று. பாலுறவுக் குறைபாடு உடையோருள், ஓராண்டு அளவறிந்து உண்டு உடற்பயிற்சியும் செய்தவர்களில் நூற்றுக்கு 28 பேர் அக்குறை நீங்கினர். பொதுவான நீரிழிவுக் கல்வி மட்டும் பெற்றவர்களில் 11 பேரே.

கேட்டதனால் கிடைத்த விடை இது. மருத்துவர் கேளாமலும் மனைவி கூறாமலும் இருப்பின், தீரக்கூடிய துன்பமும் தீராது நிற்கும்.