வான்கடே அரங்கும் அதனை இருமுறை வகுத்தவரும்

கட்டடக் கலையைக் குறித்து எழுதப்புகும் நம்மவர் கோபுரத்தையும் விமானத்தையும் விட்டு அப்பாற் செல்லுதல் அரிது. ஆயினும், நம் காலத்தில் மக்கள் பல்லாயிரவராய் ஒருங்கு கூடும் இடங்களுள் விளையாட்டரங்கும் ஒன்றன்றோ? 2011 ஆம் ஆண்டு உலகக் கிண்ண இறுதியாட்டத்தின் ஓட்டக் கணக்கை என் வகுப்பு மாணவர் பிழையின்றி ஒப்புவிப்பர். அவ்வாட்டம் நிகழ்ந்த பம்பாய் வான்கடே அரங்கை அமைத்தவர் யாரென வினவினேன். ஒருவரும் வாய் திறந்திலர். அவர் சசி பிரபு என்னும் கட்டடக் கலைஞர்.

அவ்வரங்கின் பிறப்பே ஒரு வழக்கு. பம்பாயில் 1937 இல் எழுந்த பிரபோர்ன் அரங்கு இந்தியத் துடுப்பாட்டக் கழகத்தின் உடைமை. ஆங்குப் பம்பாய்த் துடுப்பாட்டச் சங்கத்துக்கு எத்துணை இருக்கைகள் உரியன என்ற பூசல் 1973 இல் முற்றியது. சங்கத் தலைவர் வான்கடே, நடந்து செல்லும் தொலைவிலேயே வேறோர் அரங்கை எழுப்பத் துணிந்தார். ஒரு பக்கத்தே புகையிரதப் பாதை நெருக்கும் சிறு நிலம். பதின்மூன்று திங்கள் அளவேயான காலம். 1975 சனவரியில் மேற்கிந்தியருடன் ரெஸ்ற் ஆட்டம் ஆங்கு நடந்தேறிற்று. நாற்பத்தையாயிரவர் அளவில் அமரத்தக்க அரங்கு அது. அழகு நோக்குவார்க்கு அதில் மிகுதியாக ஒன்றுமில்லை; சீமெந்தின் முரட்டுத் தோற்றமே முன்னிற்கும். அவசரத்தில் எழுந்த கட்டடம் வேறெவ்வாறிருக்கும்?

பின்னர், பூனேயை அடுத்த பாலேவாடியில் 1994 ஆம் ஆண்டுத் தேசிய விளையாட்டுக்களுக்கென எழுந்த அரங்குகளும், நாகபுரிக்குப் புறத்தே சாம்தாவில் 2008 இல் திறக்கப்பட்ட அரங்கும் அவர் வகுத்தனவே. அகன்ற வெளியில் அவை அமைந்தன. எனினும் என் கருத்தைக் கவர்வது வான்கடேயே. தாம் இளமையில் ஆக்கியதைத் தாமே முதுமையில் திருத்தும் வாய்ப்புப் புலவனுக்கு உண்டு. கட்டடக் கலைஞனுக்கு அஃது எளிதிற் கிட்டுவதன்று.

2011 இற்கு முன்னர் நிகழ்ந்த அத்திருத்தத்தில், பார்ப்போர் கண்ணைத் தூண் மறையாதபடி கூரை முன்னோக்கித் தொங்க விடப்பட்டது. அது பாரமற்ற தெஃப்லன் துணியாலானது. வெப்பத்தை வெளியேற்ற விசிறிகளும் அதன்கண் உள. அடித்தட்டில் வெயிலில் வெந்தவனை எண்ணிச் செய்த வேலை இது. இதனைப் பாராட்டாதிருத்தல் நன்றன்று. ஆனால் இருக்கைகள் முப்பத்துமூவாயிரமாகக் குறைந்தன. தனித்தனி நாற்காலிக்கும் அகன்ற வழிக்கும் இடம் வேண்டுமென்பர், ஒப்புவோம். இறுதியாட்டத்துக்குப் பொதுமக்களுக்கென ஒதுக்கப்பட்ட சீட்டுக்களோ நாலாயிரமே. எஞ்சியவற்றுட் பெரும்பகுதி கழகங்களுக்கும் அனைத்துலகச் சபைக்கும் சென்றது. இருக்கைப் பூசலிற் பிறந்த அரங்கு அப்பூசலுக்கே மீண்டும் திரும்பியது என்க.

இதற்குச் சசி பிரபுவைக் குறைகூறலாமா? சீட்டுப் பங்கீடு அவர் கையிலில்லை. ஆயினும் பன்னீராயிரம் இடங்களைக் குறைத்த வரைபடம் அவருடையதே. கூட்டத்தின் கடைசியில் நிற்பவனுக்கு அத்திருத்தத்தால் விளைந்தது யாதென அவரிடம் வினவுதல் முறையே. வெள்ளவத்தையில் நண்பரொருவர் இல்லத்துத் தொலைக்காட்சியின் முன் அன்றிரவு நாங்கள் பதினொருவர் நெருங்கியிருந்தோம். குலசேகர வீசிய பந்தைத் தோனி தூக்கியடித்தபோது ஒளிப்படக் கருவி அப்பந்தைத் தொடர்ந்து மேலே சென்று, அந்த வெண்ணிறக் கூரையின் விளிம்பைக் கணநேரம் காட்டிற்று. எங்களுள் எவரும் அதனை நோக்கும் நிலையில் இல்லை.