செவுளி கடித்த விரல்

நம்ம சினிமாவுல நாத்து நடுற பொம்பளைங்க எப்பவும் கூட்டமாத்தான் வருவாங்க. முந்தானையை இழுத்துச் செருகி, குலவை போட்டு, கதாநாயகிக்குப் பின்னால் ரெண்டு சுத்து ஆடிவிட்டுப் போய்விடுவார்கள். பேர் கிடையாது. கூலி கேட்டு ஒருத்தியும் வாய் திறந்து நான் பார்த்ததில்லை. எங்கம்மா மரக்காலில் ஒரு பிடி குறைஞ்சாலும் களத்துலயே சண்டைக்கு நிப்பா.

பேரோடு வந்தவள் ஒருத்தி உண்டு. பாரதிராஜாவின் 'முதல் மரியாதை' (1985) படத்தில் செருப்புத் தைப்பவரின் மகள் செவுளி. அந்தப் படத்தைக் கொண்டாடுகிறவர்கள் சிவாஜி, ராதா, பரிசல் என்றுதான் பேசுகிறார்கள். பெரியவருக்கும் பரிசல்காரப் பெண்ணுக்கும் உள்ள நேசம் கண்ணியமானதுதான், மறுக்கவில்லை. செவுளி என்ன ஆனாள்? சாதி மாறிக் கல்யாணம் கட்டுகிறாள். பெரியவரே நடத்தி வைக்கிறார். கொஞ்ச நாளில் கொல்லப்படுகிறாள். நகைக்காகவாம். சாதி மாறிக் கட்டியவளின் சாவில் சாதிக்குப் பங்கில்லை என்று கதை கைகழுவிவிடுகிறது.

ஆனால் செவுளி சும்மா சாகவில்லை. கொல்ல வந்தவனின் கால்விரலைக் கடித்துத் துண்டாக்கிவிட்டுத்தான் சாகிறாள். அது அவளுடைய வாக்குமூலம். படமோ அதை, சொந்த மருமகன் என்றும் பாராமல் போலீசில் பிடித்துக்கொடுக்கும் பெரியவரின் நேர்மைக்குச் சான்றாக்கிக்கொள்கிறது. கடித்தவள் அவள், மரியாதை அவருக்கு.

நம்மாளுங்க படம் எடுக்க வந்தபிறகு மாறியதா? பாதி. 'பரியேறும் பெருமாள்' (2018) எனக்குப் பிடித்த படம். அதிலும்கூட, தன் வீட்டு ஆண்கள் பரியனுக்குச் செய்தது எதுவும் தெரியாத தேவதையாகவே ஜோவை வைத்திருக்கிறார் மாரி செல்வராஜ். தெரிந்தால் அவள் என்ன செய்வாள் என்ற கேள்விக்கே இடமில்லை.

அதே வருசம் பா.ரஞ்சித்தின் 'காலா' வந்தது. தாராவியில் போலீஸ்காரர்கள் புயலின் கால்சட்டையை உருவி எறிகிறார்கள். துணியைத்தான் எடுப்பாள் என்று இத்தனை வருசமாய் நம்மைப் பழக்கியிருக்கிறது சினிமா. இல்லையென்றால் மானம் போச்சென்று கிணற்றைத் தேடுவாள், அதுவும் இல்லையென்றால் கதாநாயகன் சட்டையைக் கழற்றிப் போர்த்துவான். புயல் துணியை விட்டுவிட்டுத் தடியை எடுக்கிறாள்.

நான் பார்த்த கொட்டகையில் ரஜினிக்கு அடித்த விசில் அந்த இடத்தில் கேட்கவில்லை. எனக்குப் பக்கத்து சீட்டில் இருந்த அக்கா மட்டும், மடியில் தூங்குற பிள்ளையைப் பிடிச்சுக்கிட்டு, "போடு அவனுவள" என்றார்.