அருவிக்கு எத்தனை ஸ்டார்?

கல்வராயன் மலையில், கரியாலூருக்குப் பக்கத்தில் பெரியார் அருவி இருக்கிறது. மழைக்குப் பிறகு போனால் குளிக்கலாம். நல்ல கோடையில் போனால் பாறையைப் பார்த்துவிட்டு வரலாம். மலையில் இது சின்னப் பையனுக்குக்கூடத் தெரியும். ஆனால் செல்போன் மேப்பில் இந்த மாதிரி அருவிகளுக்கும் மார்க் போடுகிறார்கள். தண்ணீர் வரவில்லை, ஒரு ஸ்டார். அருவி என்ன செய்யும் பாவம், வருத்தம் தெரிவித்துப் பதில் எழுதுமா?

கள்ளக்குறிச்சியிலிருந்து கிளம்பும்போதே ஒரு பரீட்சை செய்து பார்க்க முடிவு செய்திருந்தேன். கச்சிராயபாளையம், கோமுகி அணை எல்லாம் தாண்டி மேலே போனதும் டீ, சாப்பாடு, வண்டி ரிப்பேர் எதற்கும் யாரிடமும் வழி கேட்பதில்லை. ரிவ்யூ சொல்கிற கடைக்கு மட்டும் போவது. மலையில் பல இடங்களில் சிக்னல் கிடைக்காது என்பதால் கீழேயே எல்லாவற்றையும் பார்த்துக் குறித்துக்கொண்டேன்.

ஒரு டீக்கடைக்கு முழுசாக ஐந்து ஸ்டார். போட்டவர்கள் மொத்தம் மூன்று பேர். அதில் ஒருவர் பெயரும் கடை போர்டில் இருந்த பெயரும் ஒன்றாகவே இருந்தது. டீ பரவாயில்லை.

அடுத்தது சாப்பாட்டுக் கடை. மார்க் குறைச்சல். பார்க்கிங் இல்லை, மூன்று மணிக்குப் போனால் சாப்பாடு இல்லை, கை கழுவ சோப்பு இல்லை என்று புகார்கள். ஒன்றுகூடப் பொய் இல்லை, நானே சரிபார்த்தேன். ஆனால் பெஞ்சில் இடமில்லாமல் ஜீப் டிரைவர்களும் கொத்தனார்களும் இரண்டு வாத்தியார்களும் நெருக்கி உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். சுடச்சுட சோறு, கத்தரிக்காய்க் குழம்பு, கேட்காமலே இரண்டாம் தடவை ரசம். அந்தக் குழம்பைப் பற்றி யாரும் ஒரு வரி எழுதவில்லை.

கடைக்கார அம்மாவிடம் விஷயத்தைச் சொன்னேன்.

“நம்ம கடை போன்ல இருக்குதா? யாரு சார் போட்டாங்க?”

“தெரியலைம்மா. வந்துட்டுப் போனவங்க யாராவது போட்டிருப்பாங்க. பார்க்கிங் இல்லைன்னு எழுதியிருக்கு.”

“ரோட்டுக்கு இந்தப் பக்கம் பாறை, அந்தப் பக்கம் பள்ளம். எங்கே சார் நிறுத்தச் சொல்றது?” என்று கேட்டுவிட்டு ரசம் எடுக்கப் போய்விட்டார்.

எனக்கு பி.காம். புத்தி. சாப்பிட்டு முடித்ததும் சராசரி கணக்குப் போட்டேன். மூன்று பேர் ஐந்து போட்ட கடைக்கு நாலாவது ஆள் ஒன்று போட்டால் சராசரி தடாலென்று 4-க்கு இறங்கிவிடும். தி.நகரில் 3,000 பேர் மார்க் போட்ட ஓட்டலுக்கு அதே ஒன்று விழுந்தால், தசமப் புள்ளிக்குப் பிறகு மூன்றாவது இடத்தில்தான் தெரியும். அதாவது ஒரே ஆளின் கோபம் சின்னக் கடைக்கு இடி, பெரிய கடைக்குத் தூறல்.

இது வெறும் கணக்குப் பிள்ளை விளையாட்டு அல்ல. ஹார்வர்டு பிசினஸ் ஸ்கூலின் மைக்கேல் லூக்கா, அமெரிக்காவின் சியாட்டில் நகர ஓட்டல்களையும் ‘யெல்ப்’ ரிவ்யூக்களையும் வைத்து 2011-ல் ஆராய்ந்தார். ஒரு ஸ்டார் ஏறினால் வருமானம் 5 முதல் 9 சதவிகிதம் ஏறுகிறது என்றார். அந்தப் பாதிப்பு தனிக் கடைகளுக்குத்தான். ஊரெல்லாம் கிளை வைத்திருக்கும் கம்பெனி ஓட்டல்களை அசைக்கவில்லை.

பொய் ரிவ்யூ பற்றி நிறையப் பேசியாகிவிட்டது. லண்டனில் ஊபா பட்லர் என்ற இளைஞர் தன் வீட்டுத் தோட்டத்துக் கொட்டகையை ரெஸ்டாரன்ட் என்று ‘டிரிப்அட்வைசர்’ தளத்தில் பதிந்து, நண்பர்களை விட்டு எழுதச் சொல்லி, 2017-ல் லண்டனிலேயே நம்பர் ஒன் ஆக்கிக் காட்டினார். நம் ஊரில் பி.ஐ.எஸ். 2022 நவம்பரில் ஆன்லைன் ரிவ்யூக்களுக்கென்றே ஐ.எஸ். 19000 என்ற தர விதியைக் கொண்டுவந்தது. கொண்டுவந்தபோது, விருப்பப்பட்டவர்கள் பின்பற்றலாம் என்ற அளவில்தான். அமெரிக்கா 2024-ல் அபராதத்தோடு தடையே போட்டது. எல்லாம் சரி. பொய்யைப் பிடிக்கலாம். ‘பார்க்கிங் இல்லை’ என்பது பொய்யே இல்லையே, அதை எந்த விதியில் பிடிப்பீர்கள்? கார் வைத்திருப்பவனின் குறை, கார் இல்லாதவர்கள் சாப்பிடும் கடையின் தலையில் மார்க்காக உட்கார்ந்திருக்கிறது. தினமும் சாப்பிடுகிற ஜீப் டிரைவர் ரிவ்யூ எழுதுவதில்லை. மாசக் கடைசியில் நோட்டுக் கணக்கைத் தீர்க்கிறார், மறுநாளும் வருகிறார். அதை எந்த ஸ்டாரில் சேர்ப்பது?

இன்னொன்றும் உறுத்தியது. இந்த மார்க்கெல்லாம் ஒரே திசையில் போகிறது. கீழேயிருந்து வந்தவர்கள் மேலே இருப்பவர்களுக்குப் போடுகிறார்கள். கடுக்காயும் மரவள்ளிக் கிழங்கும் வாங்க மலை ஏறி வருகிற வியாபாரியின் தராசுக்கு எத்தனை ஸ்டார்? வராத பஸ்ஸுக்கு? இவற்றுக்கு மார்க் போடுகிற உரிமை மலையாளிப் பழங்குடி மக்களுக்குத்தான் உண்டு. அவர்கள் போட ஆரம்பித்தால் படிக்க நான் தயார்.

நியாயமாகச் சொன்னால், பரீட்சையில் உருப்படியாகக் கிடைத்ததும் ஒன்று உண்டு: போட்டோக்கள். எந்த மாதம் எடுத்தது என்று பார்த்தால் அருவியில் எப்போது தண்ணீர் இருக்கும் என்பது தெரிந்துவிடுகிறது. ஐம்பது ஸ்டாரைவிட அது மேல். பங்க்ச்சர் கடைதான் மேப்பிலேயே இல்லை. கரியாலூரில் ஒரு பெரியவரைக் கேட்டேன், கையை நீட்டிக் காட்டினார். விரதம் அங்கே முறிந்தது.

கீழே இறங்கி சிக்னல் வந்ததும் அந்தச் சாப்பாட்டுக் கடைக்கு நானும் எழுதினேன்: ‘இரண்டு மணிக்குள் போங்கள். சில்லறை எடுத்துப் போங்கள். வண்டியைத் தள்ளி நிறுத்திவிட்டு நடந்து வாருங்கள். கத்தரிக்காய்க் குழம்பு இருந்தால் விடாதீர்கள்.’ ஸ்டார் போடாமல் எழுத்தை மட்டும் வாங்கமாட்டேன் என்றது போன். ஐந்தைத் தட்டினேன். சராசரி கொஞ்சம் ஏறியது.