அவையும் அரங்கும்: ஜீனா றோலண்ட்ஸின் திரைப்பட விழா அனுபவங்கள்

கலைஞர் தம் ஆற்றலை அறிந்தோர் அவையில் வெளிப்படுத்தி ஏற்புப் பெறுதலை அரங்கேற்றம் என்பது தமிழ் மரபு. சிலப்பதிகாரத்து மாதவி மன்னன் முன்னிலையில் ஆடித் தலைக்கோலும் 1008 கழஞ்சு பொன்னும் பெற்றாள். அவள் மாலை அதே விலைக்குக் கூனியின் கையில் மறுகிலே நின்றது. அவையின் மதிப்பும் சந்தையின் விலையும் எத்துணை அணித்தானவை என்பதை இளங்கோவடிகள் அறிந்திருந்தார். இக்காலத் திரைப்பட விழாக்களும் இவ்விரண்டுக்கும் நடுவிலேயே நிற்கின்றன. பெரும் பட நிறுவனங்களைச் சாராது எடுக்கப்படும் படங்களில் நடிப்போருக்கு விழா எதனைத் தரும், எதனைத் தரமாட்டாது என்பதை அமெரிக்க நடிகை ஜீனா றோலண்ட்ஸின் (1930–2024) கலைவாழ்வு நன்கு விளக்கும்.

மேடை நடிகருக்கு அவையின் சிரிப்பும் மௌனமும் அக்கணமே விடையாகும். திரை நடிகருக்கு அவ்விடை பல மாதங்கள் கழித்தே கிடைக்கும். கிடைக்கும்போது தம் நடிப்பில் ஓர் அசைவையேனும் மாற்ற இயலாது. பெரும் நிறுவனத்தின் படத்துக்கு நாடெங்கும் கொட்டகைகள் திறந்திருக்கும். தனித்து நின்று எடுத்த படத்துக்கோ பல வேளைகளில் விழா மண்டபமே முதல் அவை. சில வேளைகளில் அதுவே இறுதி அவையுமாகும்.

றோலண்ட்ஸும் அவர் கணவரும் நெறியாளருமான ஜோன் கசாவெற்றிசும் இவ்வழியையே தேர்ந்துகொண்டனர். பெரும்பாலும் தம் இல்லத்திலேயே எடுத்த 'பேசஸ்' என்னும் படம் 1968ஆம் ஆண்டு வெனிஸ் விழாவில் காட்டப்பட்டது. அதில் நடித்த ஜோன் மார்லி சிறந்த நடிகருக்கான பரிசைப் பெற்றார். 'ஏ வுமன் அண்டர் த இன்புளுவன்ஸ்' என்ற பிந்திய முயற்சிக்காக அவர்கள் தம் வீட்டை ஈடுவைத்தனர். உடன் நடித்த பீற்றர் போல்க்கும் பொருளுதவி செய்தார். 1974இல் நியூ யோர்க் விழா அதனை ஏற்றது. விநியோகத்தர் எவரும் முன்வராமையால் கசாவெற்றிஸ் தாமே கொட்டகைகளைத் தேடிப் படத்தை வெளியிட்டார். கல்லூரிகளுக்கும் கொண்டு சென்று மாணவரோடு உரையாடினார். உளங்கலங்கிய இல்லாளாக நடித்த றோலண்ட்ஸின் பெயர் ஒஸ்கார் பரிசுக்கு முன்மொழியப்பட்டது. விழா திறந்த வாயிலை உழைப்பு அகலமாக்கியது எனலாம்.

ஆயின் 1977இல் வெளிவந்த 'ஓப்பனிங் நைற்' என்ற படத்தின் கதி வேறு. மேட்டில் கோர்டன் என்னும் மேடை நடிகை, முதுமையை ஏற்றுக்கொள்ளும் பெண்ணொருத்தியின் பாத்திரத்தை ஏற்க நேர்கிறது. தன்மேல் பேரன்பு கொண்ட இளம் இரசிகை வாகனம் மோதி இறந்தபின், அவ்விளம் உருவம் அவளைத் தொடர்கிறது. நாடகாசிரியர் எழுதிய சொற்கள் பொய்யாகத் தோன்ற, அவள் அவற்றைச் சொல்ல மறுக்கிறாள். முதல்நாள் அரங்கில் நிற்கவும் இயலாத மதுமயக்கத்தோடு நுழைந்து, ஈற்றங்கத்தைத் தன் சொற்களாலேயே நடத்தி முடிக்கிறாள்.

இங்கு றோலண்ட்ஸின் திறன் நுண்ணியது. தள்ளாடும் உடலுக்குள்ளே தளராத ஓர் அறிவு விழித்திருப்பதை அவர் கண்களே காட்டிவிடுகின்றன. நடிப்பவளை நடித்துக் காட்டுவதில் மிகைக்கு இடமுண்டு. அவரோ தடுமாற்றத்தையும் அளவோடு ஆள்கிறார். எனினும் குறையும் உண்டு. இரண்டு மணி நேரத்துக்கும் மேலாக நீளும் இப்படத்தில், முற்பகுதி திரட்டிய வேதனைக்கு ஈற்றங்கத்து விளையாட்டுப் பேச்சு போதிய விடையாகவில்லை. மேட்டில் உண்மையைக் கண்டாளா, அன்றி அவையை மயக்கித் தப்பினாளா என்ற ஐயம் எஞ்சுகிறது. நாடகக் காட்சிகள் மெய்யான பார்வையாளர் முன் நடிக்கப்பட்டமையால், அவர்தம் சிரிப்பே அவ்வையத்தை ஓரளவு தாங்கி நிற்கிறது.

அவையின்றி நடிப்பு நிறைவுறாது எனக் கூறும் இப்படத்துக்கே அவை கிடைக்கவில்லை என்பது பெருமுரண். 1978ஆம் ஆண்டு பேர்லின் விழா றோலண்ட்ஸுக்குச் சிறந்த நடிகைக்கான வெள்ளிக் கரடிப் பரிசை வழங்கியது. தாய்நாட்டிலோ விநியோகத்தர் எவரும் அதனை ஏற்கவில்லை. கசாவெற்றிஸ் 1989இல் மறைந்தபின், 1991இலேயே அங்கு அது முறையாக வெளியிடப்பட்டது. தலைக்கோல் கிடைத்தது, மாலையை வாங்குவார் இலர்.

இதனால் விழாக்கள் வீண் ஆரவாரம் என்று கொள்ளுதல் பொருந்தாது. பேர்லின் நடுவர் அளித்த சான்றே, பரவலாகக் கொட்டகை காணாத நடிப்பொன்று மறதியில் ஆழாது காத்த துணைகளுள் ஒன்று. ஆனால் நடுவர் குழு சான்று பகரலாம். மக்கள் அவையாகிவிட முடியாது. பரிசு நடிப்பைத் தனியே பிரித்து அளக்கிறது. அவையோ அதனைத் தன் வாழ்வோடு பொருத்திப் பார்க்கிறது. சந்தை கைவிட்ட கலைக்கு அத்தகைய அவையை ஆக்கித் தருவது யார் கடன் என்ற வினாவுக்கு, 1974இன் படத்தை வரவேற்று இருத்திப் பேசிய கல்லூரிகள் ஒரு விடை கூறியுள்ளன. கற்றோர் கூடுமிடந்தோறும் அவ்விடை மீண்டும் கூறப்படத்தக்கது.